ஃபார்மட் போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் அம்பத்தூர் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: விண்டோஸ் அப்டேட் ஆனபிறகு மகன் விளையாடும் பழைய கேம் திறக்கவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்? அதற்குப் பதில் இரண்டே வரி. 'ஃபார்மட் செய்து மறுபடி இன்ஸ்டால் செய்யவும். இனிமேல் அப்டேட்டை நிறுத்தி வைக்கவும்.' காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தேன். முதல் வரி சொல்கிறபடி ஃபார்மட் போட்டு, அதாவது கணினியில் உள்ளதை எல்லாம் அழித்து, எழுநூறு ரூபாயும் இரண்டு நாளும் தொலைத்தவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகிறது. இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் மறைந்த ஃபோல்டரைப் பற்றிச் சொல்கிற பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

திருவல்லிக்கேணி பெரிய தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் 2003லிருந்து எங்கள் பிரவுசிங் சென்டர் இருக்கிறது. ஆரம்பித்தது என் கணவர். அவருக்கு வெளியூரில் வேலை கிடைத்ததும் கடை என் தலையில் வந்து விழுந்தது. மவுஸைப் பிடித்தால் அம்பு ஒரு பக்கம், என் கை ஒரு பக்கம் என்று போன காலம் அது. சுற்றிலும் மேன்ஷன்கள். வேலை தேடி வந்த பையன்கள், டி.என்.பி.எஸ்.சி. படிக்கிறவர்கள், ஊருக்குத் திரும்ப மனம் வராமல் இருபது வருடமாக ஒரே கட்டிலில் படுத்திருப்பவர்கள். எட்டு கணினி வைத்திருந்தோம், மணிக்கு இருபது ரூபாய். பையன்கள் கையில் செல்போன் வந்தது, எட்டு மூன்றானது. இன்றைக்குக் கடையை ஓட்டுவது ஜெராக்ஸ், ஹால் டிக்கெட், பான் கார்டு, பாமினி எழுத்துருவில் அடித்துத் தருகிற மனுக்கள்.

ஆனால் ஞாயிறு மாலை மட்டும் அந்த மூன்று கணினியும் விளையாட்டுக்குத்தான். பழைய மேன்ஷன் பையன்கள் வருவார்கள். பையன்கள் என்று நான்தான் சொல்கிறேன், எல்லோருக்கும் தொப்பை விழுந்துவிட்டது. ஒருவர் சிறுசேரியில் வேலை, ஒருவர் தாம்பரத்தில் மருந்துக்கடை, இன்னொருவர் இங்கேயே வாலாஜா சாலைப் பக்கம். ஆடுவது ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம். என்செம்பிள் ஸ்டூடியோஸ் செய்து 1999ல் வெளிவந்த விளையாட்டு. விவசாயியை வைத்து மரம் வெட்டி, காசு சேர்த்து, கோட்டை கட்டி, அடுத்தவன் கோட்டையை இடிப்பது. அதையே மெருகேற்றி 2019ல் புதுப் பதிப்பு ஒன்றும் வந்தது. என் கணினிகளில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, அதோடு 'பழைய மூஞ்சியே போதும்க்கா' என்று இவர்களும் சொல்லிவிட்டார்கள். ஆட்டத்தில் அரட்டைப் பெட்டியைத் திறந்து 11 என்று அடித்தால் ஒரு கேலிச் சிரிப்பு எல்லாக் கணினியிலும் கேட்கும். எதிரே இஸ்திரி போடும் அண்ணனுக்குக்கூட அந்தச் சிரிப்பு பழக்கம்.

இவர்களைத் தவிர இன்னொருவர் உண்டு. அச்சகத்தில் எழுத்துக் கோத்து ஓய்வு பெற்றவர், அறுபத்தாறு வயது, பக்கத்து மேன்ஷன் மாடி அறை. மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கடையில் ஈ ஓட்டுகிற நேரத்தில் வந்து, மூன்றாம் கணினியில் தனியாக அதே விளையாட்டை ஆடுவார். அதில் வரும் சலாதீன் படையெடுப்பு வரிசையில் ஏதோ ஒரு கட்டத்தில் மாதக்கணக்காக நிற்கிறார். ஒரு சுவர் எழுப்ப அரை மணி நேரம். அவசரமே கிடையாது. போகும்போது 'சேவ் பண்ணிட்டேன் தங்கச்சி, யாரையும் தொட விடாத' என்று சொல்லாமல் போக மாட்டார்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. ஊர் ஜனங்களின் ஆதார் எண்ணும் பாஸ்புக்கும் ஓடுகிற கணினியில் பாதுகாப்புத் திருத்தம் வராத விண்டோஸை வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. என்னுடையவை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியவை, எட்டாம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 11 கேட்கிற டி.பி.எம். என்ற பாதுகாப்பு வசதி உள்ளே இருந்தது, விண்டோஸுக்கு முன்னால் வருகிற பயாஸ் அமைப்பில் போய் ஆன் செய்ய வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நவம்பரில் ஒரு சனிக்கிழமை இரவு மூன்றையும் மாற்றினேன். பிரிண்டர் ஓடியது, ஸ்கேனர் ஓடியது, பாமினி ஓடியது. ஞாயிறு மாலைதான் தெரிந்தது, விளையாட்டு ஓடவில்லை. கறுப்புத் திரை, பிறகு ஒரு சின்னப் பெட்டி: கிராபிக்ஸ் அமைப்பைத் தொடங்க முடியவில்லை, உங்கள் வீடியோ கார்டும் அதை இயக்கும் டிரைவர் மென்பொருளும் டைரக்ட்டிராவுக்கு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கவும்.

அந்தப் பெட்டியை நிதானமாகப் படித்திருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும். நான் என்ன செய்தேன்? முதல் கணினியின் சி.பி.யூ. பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். கடையின் பெயர் வேண்டாம், நல்ல பிள்ளைகள்தான். 'சிஸ்டம் கரப்ட் ஆயிருக்கு மேடம். ஃபார்மட் போட்டாதான் சரியாகும். டேட்டா எல்லாம் எடுத்து வச்சுடறோம்' என்றார் தம்பி. எடுத்தும் வைத்தார். டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், மூன்றும் பத்திரமாக வந்தன. பாமினி வரவில்லை, வானவில் எழுத்துரு வரவில்லை, பிரிண்டர் டிரைவர் வரவில்லை. அன்றைக்கு மனு அடிக்க வந்த ஒரு பாட்டி என் திரையில் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரிவதைப் பார்த்து, 'இது என்ன பாஷைம்மா' என்றார். சரி, விளையாட்டாவது ஓடியதா என்றால், அதே கறுப்புத் திரை, அதே பெட்டி. அதில் இருந்த பையன்களின் பழைய ஆட்டங்கள் போனது போனதுதான்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ரோஷம் வந்தது. இரண்டாவதையும் மூன்றாவதையும் யாரிடமும் கொடுப்பதில்லை என்று உட்கார்ந்தேன்.

டைரக்ட்டிரா என்பது திரையில் படம் வரைய விண்டோஸ் 95 காலத்தில் வந்த வழி. அந்த விளையாட்டு மொத்தம் 256 நிறத்துக்குள் வரைகிறது. இன்றைய திரை கோடிக்கணக்கான நிறத்தில் பேசுகிறது. இந்தத் தகராறு புதிதல்ல. விண்டோஸ் 7 வந்தபோது இதே விளையாட்டில் தண்ணீர் ஊதாவாகவும் புல் சிவப்பாகவும் தெரியும். டாஸ்க் மேனேஜரில் போய் எக்ஸ்ப்ளோரரை மூடிவிட்டு ஆடுவார்கள், ஆடி முடித்ததும் அதைத் திரும்பக் கொண்டுவரத் தெரியாமல் 'அக்கா, கீழ இருந்த பட்டையே காணோம்' என்று கூப்பிடுவார்கள். இந்த முறை செய்தது இது: விளையாட்டின் ஐகான் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி. அதில் விண்டோஸ் எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 3 என்பதைத் தேர்ந்தெடுத்து, நிறத்தைக் குறைக்கும் கட்டத்தில் டிக் போட்டு 256 நிறம் என்று வைத்தேன். மூன்றாம் கணினியில் உடனே கோட்டை தெரிந்தது. இரண்டாவதில் தெரியவில்லை. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து பார்த்தால் அங்கே புது டிரைவர் வந்து உட்கார்ந்திருந்தது. அதே பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினேன், திரை இரண்டு தடவை கண் சிமிட்டியது, பழைய டிரைவர் திரும்பியது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஓடியது.

அப்புறம் லேன், அதாவது கடைக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கிற நெட்வொர்க். ஒருவர் ஆட்டத்தை ஆரம்பித்தால் மற்றவர் திரையில் அது தெரிய வேண்டும். தெரியவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டி, ஸ்விட்சை அணைத்துப் போட்டு ஒரு மணி நேரம் வீணாக்கினேன். கடைசியில் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தைத் திறந்தால், என் கடை நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருக்கிறது. அதாவது கணினி தன்னை பஸ் ஸ்டாண்டில் நிற்பதாக நினைத்துக்கொண்டு பக்கத்துக் கணினியோடு பேச மறுக்கிறது. 'பிரைவேட்' என்று மாற்றியதும் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. ஃபார்மட் போட்டு வந்த முதல் கணினிக்கு இன்னொரு வேலையும் பாக்கி இருந்தது. விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் லெகசி காம்பொனென்ட்ஸ் என்ற தலைப்பின் கீழ் டைரக்ட்பிளே என்று ஒன்று ஒளிந்திருக்கும். பழைய விளையாட்டுகள் ஒன்றோடொன்று பேசுவது அதன் வழியாகத்தான். முன்பு டிக் போட்டிருந்தது, ஃபார்மட்டில் அதுவும் போயிருந்தது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று, விளையாட்டை முழு அதிகாரத்தோடு ஓட விடுகிற 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கட்டத்திலும் மூன்றிலும் ஒரு டிக் போட்டு வைத்தேன். இந்த 'எதற்கும் இருக்கட்டும்' புத்திதான் எனக்கு எப்போதும் வினை.

மறுநாள் மதியம் பெரியவர் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. 'தங்கச்சி, என் ஆட்டம் எங்க?' சேவ் செய்தவற்றின் பட்டியல் வெறும் பட்டியலாக இருந்தது. விளையாட்டு இருக்கிற ஃபோல்டரைத் திறந்து, சேவ்கேம் என்ற உள் ஃபோல்டரைப் பார்த்தேன். காலி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. முதல் கணினியையாவது ஃபார்மட் போட்டதால் போயிற்று என்று சொல்லலாம், இதைத் தொடக்கூட இல்லையே. அவர் ஒன்றும் சொல்லவில்லை. 'பரவாயில்ல, முதல்லேர்ந்து கட்டலாம்' என்று எழுந்து போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தேடினேன். ஆட்டம் எங்கேயும் போகவில்லை. 2007ல் விண்டோஸ் விஸ்டா வந்ததிலிருந்து சாதாரணப் பயனராகத் திறக்கிற புரோகிராம் எதுவும், மென்பொருள்கள் குடியிருக்கிற புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் எழுதக்கூடாது என்று கட்டுப்பாடு. ஆனால் பழைய விளையாட்டுகளுக்கு அங்கேதான் எழுதத் தெரியும். அதனால் விண்டோஸ் ஒரு சாமர்த்தியம் செய்கிறது. எங்கள் மேன்ஷன் மேனேஜர் செய்கிற அதே சாமர்த்தியம். கூரியர் பையனை மாடிக்கு விட மாட்டார். 'ரூம்ல குடுத்தாச்சுன்னு போட்டுக்கோ' என்று கையெழுத்துப் போட்டுப் பார்சலைத் தன் அலமாரியில் வைத்துக்கொள்வார். கூரியர்க்காரருக்கு அறையில் கொடுத்ததாகவே கணக்கு. விண்டோஸின் அந்த அலமாரிக்குப் பெயர் விர்ச்சுவல்ஸ்டோர். சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் பயனர் பெயர், அதற்குள் ஆப்டேட்டா, லோக்கல், பிறகு விர்ச்சுவல்ஸ்டோர். ஆப்டேட்டா என்பது மறைத்து வைத்த ஃபோல்டர், வியூவில் போய் மறைந்தவற்றைக் காட்டு என்று சொன்னால்தான் கண்ணுக்குத் தெரியும். நான் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று டிக் போட்டதும் விளையாட்டு மேனேஜரைத் தாண்டி நேராக மாடி அறைக்கே போய்விட்டது. அறை காலி. பார்சல் எல்லாம் கீழே அலமாரியில்.

பெரியவரின் ஆட்டம் பதினான்கு கோப்புகள், ஒன்றுவிடாமல் அங்கே இருந்தன. அவற்றை விளையாட்டின் சேவ்கேம் ஃபோல்டருக்குள் நகல் எடுத்துப் போட்டேன். மறுநாள் மதியம் அவர் வந்து பட்டியலைப் பார்த்துவிட்டு, எழுத்துக் கோக்கிறவர் மெய்ப்புப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் பார்த்தார். 'ரெண்டு நாள் சும்மா இருந்ததுல ஒரு யோசனை வந்திருக்கு, மேற்குப் பக்கம் இன்னொரு சுவர் போடணும்' என்றார்.

ஆசிரியர் கவனிக்க வேண்டியது இதைத்தான். சர்வீஸ் கடைத் தம்பி எடுத்து வைத்த மூன்று ஃபோல்டரில் இது சேராது. எந்தக் கடையிலும் கேட்டுப் பாருங்கள், டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும்தான் அவர்களுக்கு டேட்டா. மூன்றாவதையும் அன்றைக்கு ஸ்கூட்டரில் ஏற்றியிருந்தால் அந்தப் பதினான்கு கோப்பும் போயிருக்கும், போனது எனக்குத் தெரிந்தே இருக்காது. அம்பத்தூர் வாசகரின் மகனுடைய ஆட்டமும் இப்படி ஏதாவது ஒரு மறைவில் இருக்க வாய்ப்பு உண்டு. அவர் இன்னும் ஃபார்மட் போடவில்லை என்றால் இந்தக் கடிதம் அவர் கண்ணில் பட வேண்டும்.

இன்னொன்றும் அவருக்குப் பயன்படும். புது விண்டோஸ் பதிப்புக்கு மாறிப் பத்து நாளுக்குள் என்றால், செட்டிங்ஸில் சிஸ்டம், ரிக்கவரி என்று போனால் பழையதற்கே திரும்பிப் போகிற பொத்தான் இருக்கும். பத்து நாள் தாண்டினால் பழைய விண்டோஸின் கோப்புகளைக் கணினி அழித்துவிடும், பொத்தானும் பயன்படாது. மாதாமாதம் வருகிற சின்ன அப்டேட்தான் காரணம் என்று தோன்றினால், அப்டேட் ஹிஸ்டரியில் போய் அந்த ஒன்றை மட்டும் நீக்கிப் பார்க்கலாம். நீக்க மறுக்கிறவையும் உண்டு, ஆனாலும் முயன்று பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

இரண்டாவது வரிக்கு வருகிறேன். அப்டேட்டை நிறுத்தி வைப்பதாம். 2017 மே மாதம் வான்னக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதற்கு இரண்டு மாதம் முன்னால், மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள். ஒரு விளையாட்டுக்காக நான் அந்தக் கதவைத் திறந்து வைக்க முடியாது. என் கடையில் ஒருவர் ஓய்வூதிய விண்ணப்பம் போட்டுவிட்டு எழுந்த நாற்காலியில்தான் அடுத்தவர் உட்காருகிறார்.

தவிர, அப்டேட் கெடுத்தது என்று எல்லோரும் சொல்கிறோமே, அது பல நேரம் அநியாயமான பேச்சு. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் எங்கள் கடையில் ஒரு காலத்தில் ஓயாமல் ஓடிய விளையாட்டு. கணினிக்கு 2005ல் வந்தது. 2024 அக்டோபரில் விண்டோஸ் 11ன் 24எச்2 அப்டேட் வந்ததும், அதில் ஸ்கிம்மர் என்கிற தண்ணீரில் இறங்கும் விமானம் மட்டும் காணாமல் போனது. எல்லோரும் அப்டேட்டைத் திட்டினார்கள். அந்த விளையாட்டுக்குத் திருத்தங்கள் எழுதும் ஒருவர் உட்கார்ந்து தோண்டியபோது வேறு கதை வந்தது. வண்டிகளின் விவரப் பட்டியலில் அந்த விமானத்துக்கு மட்டும் சக்கர அளவைப் போட மறந்திருக்கிறார்கள். புரோகிராமும் காலி இடத்தைச் சரிபார்க்கவில்லை. அதற்கு முன் படித்த வண்டியின் அளவு அதே நினைவிடத்தில் மிச்சம் இருந்ததால் அதையே எடுத்துக்கொண்டு இருபது வருடம் பிழைப்பை ஓட்டியிருக்கிறது. புது விண்டோஸ் அந்த இடத்தைத் தன் வேலைக்குப் பயன்படுத்தியதும் குட்டு வெளிப்பட்டது.

எனக்கு இது உடனே புரிந்தது, ஏனென்றால் கடையில் தினமும் நடப்பது. ஒருவர் விண்ணப்பத்தில் தந்தை பெயரை அடிக்காமல் விட்டால், பிரவுசர் முந்தைய ஆளின் தந்தை பெயரை அங்கே போட்டு வைத்திருக்கும். அண்ணன் தம்பியாக வந்தால் பெயர் சரியாகவே இருக்கும், யாருக்கும் தெரியாது. மூன்றாவதாக வேறொருவர் வரும்போதுதான் ரகளை. அதற்காக மூன்றாவது ஆளைத் திட்டுவீர்களா?

எல்லாவற்றையும் சரி செய்துவிடலாம் என்று நான் பெருமை பேசவில்லை. மீர்சாகிப்பேட்டையிலிருந்து ஒரு அம்மா, தன் தம்பி சிறுவயதில் ஆடிய டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார். டிஸ்க்கில் ஒரு கீறல் இல்லை, மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார். ஆனால் அது சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புப் பூட்டோடு வந்தது. அந்தப் பூட்டுக்கான டிரைவரிலேயே பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் 2015ல் வந்த விண்டோஸ் 10லிருந்து அது ஓடுவதில்லை. கம்பாட்டிபிலிட்டியில் எத்தனை டிக் போட்டாலும் நடக்காது. 'கிராக் கிடைக்குமாமே, என் தம்பி சொன்னான்' என்றார். பூட்டை உடைக்கும் கிராக் என்று இணையத்தில் இறக்குகிற கோப்பில் கூடவே என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது, என் கணினியில் முடியாதும்மா என்றேன். பழைய விளையாட்டுகளைப் புது விண்டோஸில் ஓடுகிற மாதிரித் திருத்தி முறையாக விற்கும் தளங்கள் இருக்கின்றன, அங்கே இந்த விளையாட்டு இருக்கிறதா என்று தேடிக் காட்டினேன். இல்லை. டிஸ்க்கைத் திரும்பத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து விளையாட்டு என்றால் டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் போட்டுக் கொடுத்திருப்பேன், அது எவ்வளவோ சுலபம்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, தொழில்நுட்பப் பக்கத்தில் பதில் எழுதுபவரிடம் ஒன்று சொல்லுங்கள். ஃபார்மட் என்று எழுதத் தோன்றும்போது, அதற்கு முன்னால் ஆப்டேட்டா ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் நகல் எடுக்கச் சொல்லி ஒரு வரி சேர்க்கட்டும். எழுத்துருக்களையும் சேர்த்துத்தான். பாமினி அந்தக் கணினியில் திரும்ப ஓட எனக்கு நான்கு நாள் ஆயிற்று, அதுவரை அதில் ஒரு மனுகூட அடிக்க முடியவில்லை. அம்பத்தூர் வாசகருக்கு இன்னும் சரியாகவில்லை என்றால் என் முகவரியைத் தங்கள் அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஞாயிறு மாலை மட்டும் வர வேண்டாம், மூன்று கணினியும் காலியாக இருக்காது.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் நடத்தும் வாசகி,
திருவல்லிக்கேணி, சென்னை–5.